கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கு நெட், மாசம் 500க்குள்ள முடியுமா?

#1 | செங்கம்_ரோடு

வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போறவன் நான். இன்னிக்குத்தான் முதல் தடவை எழுதுறேன்.

எனக்கு ஓசூர்ல ஒரு லேத் பட்டறையில வேலை. வீடு திருவண்ணாமலைக்கும் செங்கத்துக்கும் நடுவுல ஒரு கிராமம். வீட்ல அப்பா, அம்மா, தம்பி, தம்பி சம்சாரம், அவங்க பையன் (மூணாவது படிக்கிறான்), எங்க கடைக்குட்டி தங்கச்சி (பிளஸ் ஒன்). இத்தனை பேருக்கும் சேர்த்து இருக்கிறது ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் தம்பிகிட்ட. அவன் லோடு ஆட்டோ ஓட்டுறான். காலையில ஆறு மணிக்குப் போனா வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆயிடும். பள்ளிக்கூடக் குரூப்புல சாயங்காலம் அஞ்சு மணிக்கே வீட்டுப்பாடம் வந்துடுது. போன் வீட்டுக்கு வர்றப்பதான் நெட்டும் வீட்டுக்கு வருது. தங்கச்சி பத்து மணிக்கு மேல உட்கார்ந்து எழுதிட்டுத் தூங்கப் போகுது.

லேப்டாப் விசாரிச்சேன். 30 ஆயிரத்துக்குக் குறைஞ்சு உருப்படியா எதுவும் இல்லைன்னுட்டாங்க. அது இப்போதைக்கு ஆகாது. முதல் செலவு 8,000 வரைக்கும் என்னால முடியும். அப்புறம் மாசம் 500. டிவி பழைய எல்இடி, ஸ்மார்ட் இல்லை, ஹெச்டிஎம்ஐ ஓட்டை ஒண்ணு இருக்கு. அப்பாகிட்ட ஒரு கீபேட் போன்.

என்ன பண்ணலாம்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 | சுருக்கம்

இன்னொரு போன் வாங்கு, 299 ரீசார்ஜ் போடு, முடிஞ்சுது. இதுக்கெல்லாம் ஒரு இழையா?

#3 | கணக்குப்பிள்ளை

சுருக்கம், கொஞ்சம் பொறு. நான் சொல்ற விலை, விதி எல்லாம் 2025 நிலவரம். 299ங்கிறது மாசக் கணக்கு இல்லப்பா, 28 நாள் கணக்கு. வருஷத்துக்கு 13 தடவை போடணும். 13 x 299 = 3,887. அதுவும் ஒரு போனுக்கு. ஜியோவுல 2024 ஜூலை வரைக்கும் இதே பேக் 239தான். தினம் ஒன்றரை ஜிபி. மிச்சம் வச்சா மறுநாளைக்குச் சேராது.

இப்ப வீட்டு ஃபைபரைப் பார்ப்போம். 399 பிளான், 30 எம்பிபிஎஸ் வேகம். 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டா 471. வருஷத்துக்கு சுமார் 5,650.

பார்த்த உடனே ஃபைபர் அதிகம்னுதான் தோணும். ஆனா வீட்ல வைஃபை வந்துட்டா, வீட்லயே கிடக்கிற போனுக்கு டேட்டா வேண்டாம். ஏன், சிம்மே வேண்டாம். வெறும் போன், வைஃபை, அவ்வளவுதான். வாட்ஸ்ஆப் ஆரம்பிக்க ஒரே ஒரு தடவை ஓடிபி வேணும். அதை அப்பாவோட கீபேட் போன்ல வாங்கிக்கலாம், நம்பர் அவரோடதா இருந்தா போதும்.

தம்பி வெளியில சுத்துறவர், அவருக்கு மேப்பும் ஜிபேயும் ஓடணும். வீட்ல வைஃபை இருந்தா அவருக்கு 299 தேவையில்லை, 28 நாளுக்கும் சேர்த்து 2 ஜிபி தர்ற 189 போதும். அப்பாவுக்குப் பேச்சு மட்டும். போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற அரசு அமைப்பு டிராய், 2024 டிசம்பர்ல கட்டாயம்னு சொன்னதுக்கப்புறம் கம்பெனிக்காரங்க டேட்டா இல்லாத பேக் விட்டிருக்காங்க. 84 நாளுக்கு ஜியோவுல 448, ஏர்டெல்ல 469.

வழி அ: தம்பிக்கு 299, புதுப் போனுக்கு 299, அப்பாவுக்கு 448. வருஷம் சுமார் 9,724.
வழி ஆ: ஃபைபர், தம்பிக்கு 189, அப்பாவுக்கு 448, வீட்டுப் போனுக்கு ஒண்ணும் இல்லை. வருஷம் சுமார் 10,057.

வித்தியாசம் வருஷத்துக்கு 333 ரூபாய். அ வழியில தினம் ஒன்றரை ஜிபிய எண்ணி எண்ணிச் செலவு பண்ணணும். ஆ வழியில வீட்ல யாரும் எண்ண வேண்டாம்.

#4 | கம்பிவடம்

நான் போளூர் பக்கம் கேபிள் தொழில். டிஷ் ஆன்டெனா காலத்துலேருந்து கம்பம் ஏறுறேன். கணக்குப்பிள்ளை கணக்குல பிசகு இல்லை, ஆனா அது பேப்பர்ல. 399 உங்க தெருவுல கிடைக்குமாங்கிறது, எந்தக் கம்பம் வரைக்கும் யாரோட வடம் வந்திருக்குங்கிறதைப் பொறுத்தது. விளம்பரத்தைப் பார்த்து போன் போடாதீங்க. தெருவுக்குப் போய் நின்னு மேல பாருங்க. கம்பத்துல சின்னக் கருப்புப் பெட்டி தொங்கினா அது யாருதுன்னு டீக்கடையில கேளுங்க. அந்த ஆளைப் பிடிங்க. பிஎஸ்என்எல் ஃபைபர்கூட நிறைய ஊர்ல எங்களை மாதிரி ஆளுங்க மூலமாத்தான் வீட்டுக்குள்ள வருது.

ஆளைப் பிடிச்சதும் ரெண்டு விஷயத்தை வாய்விட்டுக் கேட்டுடுங்க. ஒண்ணு, வீட்டுக்குள்ள வைக்கிற ஓஎன்டி பெட்டி (ஃபைபர் வந்து சேர்ற பெட்டி) டெபாசிட்டா, விலைக்கா, வாடகைக்கா? நிறுத்தினா காசு திரும்ப வருமா? ரெண்டு, மாசாமாசம் கட்டலாமா, இல்ல ஆறு மாசம் மொத்தமாக் கேட்பாங்களா? கிராமத்துல பெரும்பாலும் மொத்தமாத்தான் கேட்போம், மறைக்க மாட்டேன். மூணாவது மாசம் வசூலுக்குப் போனா வீடு பூட்டிக் கிடக்கும், அந்த வலி எங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் கரண்ட். ஃபைபர்ல வர்றது வெளிச்சம், வழியில அதுக்குக் கரண்ட் வேண்டாம். ஆனா உங்க வீட்டுப் பெட்டிக்கு வேணும். கரண்ட் போச்சுன்னா நெட்டும் போச்சு. இதுக்குன்னு சின்ன யுபிஎஸ் விக்குது, செங்கல்ல பாதி சைஸ் இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டா 9 வோல்ட்டான்னு பாருங்க. பார்க்காம மாட்டி பெட்டியைப் பொசுக்கினவங்களை நான் பார்த்திருக்கேன்.

#5 | செங்கம்_ரோடு

கணக்கு போட்டதுக்கு நன்றி அண்ணா. சிம் இல்லாம போன் வச்சுக்கலாம்கிறது எனக்குத் தோணவே இல்லை.

கம்பிவடம் அண்ணே, தம்பியை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். மெயின் ரோட்டுக் கம்பம் வரைக்கும் வடம் இருக்காம். அங்கேருந்து எங்க வீடு 400 மீட்டர். கேட்டதுக்கு "பார்க்கலாம்"னு சொல்லியிருக்காங்க.

#6 | கம்பிவடம்

எங்க பாஷையில "பார்க்கலாம்"னா வரமாட்டோம்னு அர்த்தம். ஒத்தை வீட்டுக்கு 400 மீட்டர் இழுத்தா வடத்துக் காசே ஒரு வருஷத்துக்குத் தேறாது. தெருவுல நாலு வீடு சேர்த்துக்கிட்டு மறுபடி போங்க. நாலு வீடு இருந்தா நானே ஏணியைத் தூக்கிட்டு வருவேன்.

#7 | வைகைக்கரை

நாலு வீட்டுக்கு நாலு கனெக்‌ஷன் எதுக்குங்கிறேன்? நாங்க மதுரையில ஒரு காம்பவுண்டுக்குள்ள குடியிருக்கோம். மேல ரெண்டு வீடு, கீழ ரெண்டு வீடு. ஒரே ஃபைபர். நடு முத்தத்துல பெட்டி, நாலு வீட்டுக்கும் பாஸ்வேர்டு. மாசம் ஆளுக்கு 120. மூணு வருஷமா இப்படித்தான் ஓடுது. ஒருத்தர் வீட்ல கல்யாணம் வந்தப்பதான் ஒரு வாரம் மெதுவா போச்சு, வந்த சனமெல்லாம் ரீல்ஸ் பார்த்துச்சுக.

#8 | நாலாவது_விதி

இதை யாரும் சொல்லலைன்னு நான் சொல்றேன், கோவிக்காதீங்க அக்கா. வீட்டுக்குன்னு வாங்கின கனெக்‌ஷனைக் காசு வாங்கிப் பகிர்றதை எந்தக் கம்பெனி ஒப்பந்தமும் ஒத்துக்காது. அதைவிடப் பெரிய விஷயம், கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் எல்லாத்துக்கும் பதில் சொல்லணும். மாடி வீட்டுப் பையன் எங்கேயோ போய் வம்பு பண்ணினா போலீஸ் தேடி வர்றது உங்க கதவைத்தான்.

சட்டப்படி விக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு. பிஎம் வாணின்னு பேரு, 2020 டிசம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பெட்டிக்கடைக்காரர், டீக்கடைக்காரர் யார் வேணும்னாலும் வைஃபை வச்சு அஞ்சு ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் டேட்டா விக்கலாம். லைசென்ஸ் கிடையாது, பதிவுக் கட்டணம் கிடையாது. பயன்படுத்துறவங்க அவங்கவங்க நம்பர்ல ஓடிபி போட்டு நுழையறதால யார் என்ன பண்ணாங்கன்னு பிரிச்சுச் சொல்ல முடியும். கடைக்காரங்ககிட்ட கம்பெனிங்க வர்த்தக ரேட்டு கேட்டதாலதான் இது சரியா வளரலை. அதனால 2025 ஜூன்ல டிராய் ஒரு வரம்பு போட்டுச்சு: 200 எம்பிபிஎஸ் வரைக்குமான பிளானுக்கு வீட்டுக்கு விக்கிற விலையில ரெண்டு மடங்குக்கு மேல வாங்கக் கூடாது.

#9 | வைகைக்கரை

தம்பி சொல்றது புரியுது. எங்க காம்பவுண்டுல எல்லாரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு, மாடி வீட்டுப் பையன் வம்பு பண்ணினா போலீஸுக்கு முன்னாடி நான் போய் முதுகுல வச்சுருவேன். ஆனா ஊர் பேர் தெரியாதவங்களோட பகிர்றது தப்புதான், அதை ஒத்துக்கிறேன். தண்ணி லாரி வந்தா குடம் பகிர்றோம், இதுக்கு மட்டும் ஒப்பந்தமாம்.

#10 | ஓடிஜி_தம்பி

டிவி இருக்குன்னு சொன்னீங்களே, அதுக்கு வர்றேன்.

நிறைய பேர் கடையில போய் டைப்-சி டு ஹெச்டிஎம்ஐ ஒயர் வாங்கிட்டு வந்து, போனையும் டிவியையும் சேர்த்துட்டு, ஒண்ணும் வரலைன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறாங்க. ஓட்டை டைப்-சியா இருந்தா மட்டும் போதாது, போனுக்குள்ள படத்தை வெளியே அனுப்புற வசதி இருக்கணும். பத்தாயிரம் ரூபாய் போன்ல அது இருக்காது. சாம்சங் எஸ் வரிசை மாதிரி விலை கூடின போன்கள்லதான் டிவியில மாட்டினா கம்ப்யூட்டர் மாதிரியே திரை விரியும்.

ஆனா கீபோர்டும் மவுஸும் சாதாரணப் போன்லயே ஓடும். ஒரு ஓடிஜி ஒயர் (போன்ல யூஎஸ்பி சாமான் மாட்டுறது), ஒரு யூஎஸ்பி ஹப், பழைய கீபோர்டு. முந்நூறு நானூறுக்குள்ள முடிஞ்சுரும். மவுஸ் மாட்டின உடனே போன் திரையில அம்புக்குறி வந்து நிக்கும், பசங்களுக்கு அதுவே பெரிய வேடிக்கை. என் பிஎட் அசைன்மென்ட் முழுக்க அப்படித்தான் டைப் பண்ணினேன். திரை சின்னதுன்னு கண்ணு வலிக்கும், அது உண்மை.

டிவியோட ஹெச்டிஎம்ஐ ஓட்டையில சொருகுற ஸ்டிக் வாங்கி மாட்டினா யூடியூப், கல்வித் தொலைக்காட்சிப் பாடமெல்லாம் பெருசா பார்க்கலாம். ஃபாரம் நிரப்ப, சான்றிதழ் ஏத்த அதை நம்ப வேண்டாம். ஒண்ணு மட்டும் கேளுங்க: பேர் தெரியாத கம்பெனி ஆண்ட்ராய்டு பெட்டி "எல்லா சேனலும் ஃப்ரீ"ன்னு ரெண்டாயிரத்துக்குக் கிடைக்கும், வாங்கவே வாங்காதீங்க. கிளம்பும்போதே உள்ள வைரஸோட வர்ற பெட்டிங்க அதுல இருக்கு. 2025 ஜூன்ல அமெரிக்க எஃப்பிஐயே இதைப் பத்தி எச்சரிக்கை விட்டுச்சு. அப்புறம் உங்க வீட்டு வைஃபையை எவனோ எங்கேயோ உட்கார்ந்து ஓட்டுவான்.

ஜியோ செட்டாப் பாக்ஸ் இருந்தா டிவியையே கம்ப்யூட்டரா ஆக்குற ஜியோபிசின்னு ஒண்ணு 2025ல வந்திருக்கு. கீபோர்டும் மவுஸும் நம்மளோடது, கம்ப்யூட்டர் அவங்க சர்வர்ல ஓடும். ஆனா அதுக்கு மாசச் சந்தா தனி. 500 பட்ஜெட்டுக்கு இப்போதைக்கு மறந்துருங்க.

#11 | பணித்தளம்_அக்கா

நான் திண்டுக்கல் பக்கம். நூறு நாள் வேலையில பணித்தளப் பொறுப்பாளரா இருக்கேன். இந்த இழையில எல்லாரும் பிளான், ஒயர், வோல்ட்டுன்னு பேசுறீங்க. எனக்கு வேற ஒண்ணு சொல்லணும்.

2023 ஜனவரியிலேருந்து தனிநபர் பயனாளி வேலை தவிர மத்த எல்லா வேலைக்கும் வருகைப் பதிவை ஆப்லதான் போடணும்னு ஆச்சு. காலையில ஒரு படம், மத்தியானம் ஒரு படம். அப்ப எங்க வீட்ல இருந்த ஸ்மார்ட்போன் என் மகனோடது. அவன் கேட்டரிங் வேலைக்குப் போறப்ப எடுத்துட்டுப் போயிருவான். ரெண்டு நாள் படம் ஏறலை, அம்பது பேரு என்னை வாய்க்கு வந்தபடி பேசுனாங்க. கடைசியில தவணையில ஒரு போன் வாங்கினேன். வாங்கின அன்னிக்கு வீட்டுக்காரர் கேட்டாரு, "உனக்கெதுக்கு போன்?"னு.

அதான் சொல்றேன். ஒரு வீட்ல ஒரு போன்னா, அது அந்த வீட்டு ஆம்பளையோட சட்டைப்பையில இருக்கிற போன். வீட்டுக்குன்னு சொல்லி ரெண்டாவது வாங்கினாலும், முதல் போன்ல சார்ஜ் தீர்ந்தா ரெண்டாவதைத் தூக்கிட்டுப் போவாங்க. உங்க தம்பி நல்லவரா இருக்கலாம், நான் தப்பாச் சொல்லலை. கணக்குப்பிள்ளை அண்ணன் சிம் இல்லாத போன்னு எழுதினதைப் படிச்சப்ப எனக்கு அதுதான் தோணுச்சு. சிம் இல்லைன்னா அதை யாரும் வெளியே எடுத்துட்டுப் போக மாட்டாங்க. எடுத்துட்டுப் போனாலும் பிரயோஜனம் இல்லையே.

#12 | சுருக்கம்

அக்கா சொன்னது ஞாயம். #2ஐ வாபஸ் வாங்குறேன்.

#13 | ரிட்டயர்டு_வாத்தியார்

இளைஞர்களின் விவாதத்தில் ஒரு கிழவனின் குறுக்கீடு. மன்னிக்கவும்.

வீட்டில் கணினி இல்லாமல் இணையத்தைப் பெறுவது என்பது நேற்றைய கேள்வி அல்ல. 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியில் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்து மீனவர்கள் யாரும் கணினியைத் தொட்டதில்லை. அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை மையத்தில் இருக்கும் பெண் இறக்கி, ஒலிபெருக்கியில் தமிழில் படிப்பார். கடற்கரையில் வலை பின்னிக்கொண்டே கேட்பார்கள். அதுவும் இணையம்தான்.

2001 வாக்கில் மேலூர் வட்டாரத்தில் ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையில் ஊருக்கு ஒரு கணினிக் கடை வந்தது. இன்றைய கணக்கில் சிரிப்பு வரும், வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். ஆனால் கண் வலி என்று வந்தவரின் கண்ணைப் படம் பிடித்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பி, மருத்துவர் பதிலைக் கடைக்காரர் வாசித்துச் சொன்னார்.

ஊருக்கு ஒன்று இருந்தது, நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஆளுக்கு ஒன்று என்று ஆனது. நடுவில் வீட்டுக்கு ஒன்று என்ற படியையே நாம் தாண்டி வந்துவிட்டோம் என்று தோன்றுகிறது.

#14 | ஓடிஜி_தம்பி

சார், அந்தக் கடைங்க எதுவும் இப்ப இல்லையே. நடத்துறவருக்குக் கட்டுப்படியாகலைன்னுதானே மூடினாங்க?

#15 | ரிட்டயர்டு_வாத்தியார்

உண்மைதான் தம்பி. ஒரு நாள் கணினி பழுதானால் சரிசெய்ய வரும் ஆள் ஒரு வாரம் கழித்து வருவார். அதற்குள் ஜனம் மறந்துவிடும்.

#16 | நொய்யல்

பொது இடம்னதும் ஞாபகம் வந்துச்சுங்க. ரயில்வே ஸ்டேஷன் வைஃபையில தினமும் முதல் அரை மணி நேரம் இலவசமுங்க. எர்ணாகுளம் ஸ்டேஷன்ல மூட்டை தூக்குற ஒருத்தரு அந்த வைஃபையிலயே படிச்சு கேரள அரசு வேலைக்கான பிஎஸ்சி எழுத்துத் தேர்வுல தேறினாருன்னு 2018ல செய்தி வந்துச்சுங்களே. ஆனா பொம்பளைப் பிள்ளையை ராத்திரி ஸ்டேஷன்ல உக்கார வைக்க முடியாதுங்க. நகராட்சிங்கள்ல அறிவுசார் மையம்னு கட்டியிருக்காங்க, அங்க கம்ப்யூட்டரே இருக்குது. பக்கத்துல இருந்தா லீவு நாள்ல கூட்டிட்டுப் போகலாமுங்க.

நான் சொல்ல வந்தது வேறங்க. தங்கச்சி பிளஸ் ஒன்னுங்கறீங்க. ரெண்டு வருசத்துல இன்ஜினியரிங் கவுன்சிலிங் வரும். 2018லேருந்து அது முழுக்க ஆன்லைனுங்க. என்ற மக போன வருசம் பண்ணுச்சு. அப்ளிகேசன் போடறதுக்கு, சான்றிதழ் ஏத்தறதுக்கு போன் போதுமுங்க. காலேஜு விருப்பப் பட்டியல் போடறதுலதான் சிக்கல். நூத்துக்கணக்கான வரி, போன்ல மேலயும் கீழயும் தள்ளித் தள்ளி வரிசை மாறிப்போச்சு. அதுனால பட்டியலை முதல்ல நோட்டுல எழுதிக்கணுமுங்க. எழுதி முடிச்சுட்டு அந்த ஒரு நாள் மட்டும் கவுன்சிலிங் சேவை மையத்துக்குப் போயிடலாம், அதுக்குன்னே மாவட்டம் மாவட்டமா வெச்சிருக்காங்க.

இன்னொண்ணுங்க. முதல்ல நாங்க அப்ளிகேசன் போட்டது ஒரு பிரவுசிங் சென்டர்ல. அந்தப் பையன் அவசரத்துல அவன் நம்பரையும் அவன் மெயிலையுமே போட்டு வெச்சுட்டான். அப்புறம் ஒவ்வொரு ஓடிபிக்கும் அவன் கடை திறக்கற வரைக்கும் வாசல்ல நிக்கணும். அதை மாத்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. எங்க போட்டாலும் நம்ம நம்பருங்க. அப்பாவோட கீபேட் போன் நம்பரா இருந்தாலும் பரவால்ல.

#17 | நாலாவது_விதி

நொய்யல் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்ஆப்ல ஆதாரை அனுப்பி பிரிண்ட் எடுக்குறோம் இல்லையா, அது அந்தக் கடைப் போன்லயே கிடக்கும். முதல் எட்டு எண்ணை மறைச்ச ஆதார் ஆதார் தளத்துலயே இறக்கிக்கலாம். நிறைய இடத்துக்கு அதுவே போதும். பிரிண்ட் எடுத்ததும் "என் கண் முன்னாடியே டெலிட் பண்ணுங்க"ன்னு வெட்கப்படாமச் சொல்லுங்க.

#18 | அல்வாத்துண்டு

எல்லாரும் ஸ்மார்ட்போன்னே பேசுதீங்களே, கீபேட் 4ஜி போனைப் பத்தி யாரும் வாயே திறக்கலியே? ஆயிரம் ரூவா. யூபிஐ பணம்கூட அனுப்பலாம்லா.

#19 | கணக்குப்பிள்ளை

அண்ணாச்சி, பணம் அனுப்ப சரிதான். 2022 மார்ச்சுல வந்த யூபிஐ 123பே இன்டர்நெட்டே இல்லாத போன்லயும் ஓடுது. *99# அதுக்கு முன்னாடியே உண்டு. ஜியோபாரத் 2023ல 999க்கு வந்துச்சு, 28 நாளுக்கு 123 ரூபாய் பேக்.

ஆனா இங்க கேள்வி பள்ளிக்கூட வாட்ஸ்ஆப் குரூப்பு. 2017ல 1,500 டெபாசிட்டுக்கு வந்த ஜியோபோன் ஞாபகம் இருக்கா? 2018ல அதுக்கு வாட்ஸ்ஆப் வந்துச்சு, வீடு வீடா வாங்கினாங்க. 2025 தொடக்கத்துல அந்த வகைப் போன் எல்லாத்துக்கும் வாட்ஸ்ஆப் நின்னுபோச்சு. போன் நல்லாத்தான் இருக்கு, பேசலாம், டார்ச் அடிக்கலாம். வீட்டுப்பாடம் வராது. அதனால அப்பாவுக்குக் கீபேட், படிக்கிற பிள்ளைக்கு ஆண்ட்ராய்டு.

#20 | அல்வாத்துண்டு

அதுவும் சரிதான். எங்க ஆச்சி அந்த டார்ச்சுக்காகவே அதை இன்னும் வச்சிருக்கா.

#21 | ஓடிஜி_தம்பி

பழைய போன் வாங்குறதா இருந்தா ஒரு நிமிஷ வேலை. *#06# அடிச்சா 15 இலக்க எண் வரும். கே-ஒய்-எம் என்ற மூணு இங்கிலீஷ் எழுத்து, ஒரு இடைவெளி, அந்த எண், இப்படி 14422க்கு மெசேஜ் அனுப்புங்க. என்ன மாடல்னு பதில் வரும். திருட்டுன்னு முடக்கின போனா இருந்தா அதுவும் தெரியும். கடைக்காரர் காட்டுற போனும் பதில்ல வர்ற மாடலும் வேற வேறயா இருந்தா எழுந்து வந்துருங்க.

வடம் கிடைக்கவே இல்லைன்னா இன்னொரு வழி. டிஸ்ப்ளே உடைஞ்ச ஸ்மார்ட்போன் ஏதாவது வீட்ல கிடந்தா அதுல ஒரு சிம் போட்டு ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணி, சிக்னல் வர்ற ஜன்னல்ல வச்சுருங்க. எங்க பாட்டி வீட்ல அப்படித்தான் ஒரு வருஷம் ஓடுச்சு. எந்நேரமும் சார்ஜ்லயே போட்டு வச்சதால பேட்டரி உப்பி, மூடி பிளந்துக்கிச்சு. வெடிக்கிறதுக்குள்ள பார்த்தோம். ராத்திரி கழட்டிருங்க.

#22 | நொய்யல்

மாடியில பெட்டி வெச்சு டவர்லேருந்து எடுக்கற ஏர்ஃபைபரும் இருக்குதுங்க. மாசம் 599, ஜிஎஸ்டி சேர்த்தா 707 ஆயிருது. பொருத்தறதுக்கு 1,000 தனி. செங்கம் தம்பி பட்ஜெட்டுக்கு மேலதான், வடம் இழுக்க முடியலைன்னா யோசிக்கலாமுங்க.

#23 | செங்கம்_ரோடு

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. பட்டறையில ஓவர்டைம்.

நடந்ததைச் சொல்றேன். கம்பிவடம் அண்ணன் சொன்ன மாதிரி தெருவுல ஆள் சேர்த்தோம். பால் சொசைட்டிக்காரர் வீடு ஒண்ணு, டைலர் அக்கா வீடு ஒண்ணு. நாலாவது வீடு கிடைக்கலை. மூணு வீட்டோட போய்க் கேட்டோம், வீட்டுக்கு 700 வடத்துக்குன்னு பேசி முடிச்சோம். பெட்டி டெபாசிட் 1,000, எழுதி வாங்கிட்டேன். ஆறு மாசப் பணம் மொத்தமா கேட்டாங்க, மூணு மாசத்துல நின்னாங்க. பழைய போன் ஒண்ணு 4,500க்கு, மெசேஜ் அனுப்பிப் பார்த்துட்டுத்தான் வாங்கினேன். கூட்டிப் பாருங்க, 8,000க்குள்ள வந்துடுச்சு.

சிம் போடலை. வாட்ஸ்ஆப் அப்பா நம்பர்ல. அதுல ஒரு கூத்து, அப்பாவோட கூட்டாளிங்க எல்லாம் அந்த நம்பருக்கு குட்மார்னிங் படம் அனுப்புறாங்க. தங்கச்சி தினம் சாயங்காலம் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுது. வீட்டுப்பாடம் ஏழு மணிக்கே முடிஞ்சுடுது.

பணித்தளம் அக்கா, நீங்க சொன்னது அப்படியே நடந்துச்சு. மூணாம் நாளே தம்பி "என் போன்ல சார்ஜ் இல்லை, இதைக் குடு"ன்னு எடுத்துட்டுப் போனான். அரை மணியில தெருமுனையிலேருந்து திரும்பி வந்து, "இதுல ஒண்ணுமே வரலை"ன்னு வச்சுட்டுப் போயிட்டானாம். தம்பி சம்சாரம் போன் பண்ணிச் சொல்லிச் சிரிச்சுது. இப்ப மத்தியானத்துல அந்த போன் அவங்ககிட்ட. டைலர் அக்காகூட உட்கார்ந்து ஜாக்கெட் கழுத்து டிசைன் பார்க்குறாங்களாம். அதைத் தைச்சு ரெண்டு ஆர்டர் பிடிச்சிருக்காங்க.

ஓடிஜி தம்பி, கீபோர்டு மாட்டியாச்சு. மூணாவது படிக்கிற பையன் முதல் நாளே ஸ்பேஸ் பட்டனைப் பேத்து எடுத்துட்டான்.

ஒரு சந்தேகம். போன வாரம் காத்துல ரெண்டு தடவை நெட் போச்சு. கரண்ட் இருந்துச்சு, பெட்டியில சிவப்பு விளக்கு மின்னிச்சு, கொஞ்ச நேரத்துல தானா வந்துடுச்சு. இது என்ன?

#24 | கம்பிவடம்

சிவப்பு விளக்குன்னா வெளிச்சம் பெட்டிக்கு வரலைன்னு அர்த்தம். வீட்டுக்கு வர்ற வடம் மரத்து மேல போகுதா?

#25 | செங்கம்_ரோடு

ஆமாண்ணே, பால் சொசைட்டிக்காரர் வீட்டு வேப்பமரத்துல ஒரு சுத்து சுத்தி வருது.

#26 | கம்பிவடம்

அதான். கிளை ஆடுறப்ப வடம் மடங்குது. ஃபைபர் மடிஞ்சா வெளிச்சம் கசிஞ்சு போயிடும், நேரானா மறுபடி வரும். ஒரு நாளைக்கு ஒடிஞ்சே போயிடும். கிளையை வெட்டாதீங்க, வெட்டினா பால்காரர் கனெக்‌ஷனை விட்டுட்டுப் போயிடுவார். இழுத்த ஆளைக் கூப்பிட்டு, மரத்தை விட்டுட்டு கம்பத்துலேருந்து நேரா உங்க மொட்டைமாடி ஹூக்குக்கு எடுக்கச் சொல்லுங்க. இருபது மீட்டர் கூட ஆகும்னு காசு கேட்பான். குடுக்காதீங்க, மரத்துல சுத்தினது அவன் தப்பு.